அக்கா சொன்ன தேதிகள்

அக்காவிடம் எப்போதும் ஒரு தேதி இருக்கும். "எனக்கு இந்த மாசம் பதினொண்ணுடி. போன மாசத்த விட ரெண்டு நாள் தள்ளி வந்துச்சி" என்பாள். நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம். தங்கச் சுரங்கத்து ஊரான எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பெண்கள் நாங்கள். பெண்கள் பெட்டியில் பேசாத பேச்சே கிடையாது. யாருக்கு வயிற்றுவலி, யாருடைய மாமியார் என்ன சொன்னார், யாருக்கு எந்தத் தேதி என்று எல்லாம் ஓடும். அதில் அக்காதான் எங்களுக்குக் காலண்டர். தன் தேதியோடு எங்கள் தேதிகளும் அவளுக்கு மனப்பாடம். "அக்கா, போன மாசம் எனக்கு எப்போ வந்துச்சி?" என்று கேட்டால், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே சொல்லிவிடுவாள்.

எங்கள் தேதிகள் எல்லாம் நிஜம். அவள் தேதிகள் அத்தனையும் பொய். அவளுக்கு ஒரு தடவைகூட மாதவிலக்கு வந்ததில்லை. அது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். அடுத்த வீட்டில் பிறந்து, ஒன்றாகவே ரயில் ஏறி இறங்கிய எனக்கு, நாற்பது வயதைத் தாண்டி அவள் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் தெரிந்தது. இப்போது அவள் அம்மா இல்லை. அக்காவும் தம்பி வீட்டோடு ஓசூர் போய்விட்டாள். "எழுதட்டுமா?" என்று போனில் கேட்டேன். "பேரு மட்டும் போடாத. மத்தபடி இன்னா வோணா எழுதிக்கோ" என்றாள். அதனால் அவள் இங்கே வெறும் அக்காதான்.

நல்ல உயரம். கைகள் அந்த உயரத்துக்கும் மேலே நீளம். ரயிலில் மேலே இருக்கும் பையை எடுக்க எல்லோரும் அவளைத்தான் கூப்பிடுவோம். எங்கள் லைன் வீடுகள் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டியவை. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர், எல்லோருக்கும் ஒரே சாக்கடை. அந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அக்கா வருவாள். யார் வீட்டுப் பரணில் எலி செத்தாலும் அக்கா வருவாள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓட, அவள் சாவதானமாக எலியின் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவாள். "உங்களுக்கெல்லாம் ரொம்பத்தான் சொகுசு" என்று திட்டுவாள். அவள் மனசு அப்படி என்று நாங்கள் நினைத்தோம். அதே அக்கா, நான் மீன்குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தால் மூடியைத் திறந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து, "வாசனையே ஆளத் தூக்குதுடி" என்பாள். எனக்கு மனசு குளிர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் இந்த ஜென்மத்தில் அப்படிச் சொன்னதில்லை.

அவளுக்குச் சடங்கு செய்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது பதின்மூன்று, அவளுக்குப் பதினாறு. அவளைவிடச் சின்னவளான எனக்கே அதற்கு முந்தைய வருஷம் ஆகிவிட்டது. லைனில் அவள் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து, போட்டோ எடுத்து முடிந்திருந்தது. குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. "இன்னாமே, உம்பொண்ணு இன்னும் குந்தலையா?" என்று அவள் அம்மாவிடம் கேட்காத ஆளில்லை. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை பாவம், எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வார்? ஒருநாள் காலையில் திடீரென்று, பொண்ணு உட்கார்ந்துவிட்டாள் என்று அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். குடியாத்தத்திலிருந்து மாமன் வந்தார். அந்தக் குடும்பமும் எங்களைப்போல சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். பாஸ்டரய்யா வந்து, பிள்ளையின் தலையில் கைவைத்து, கர்த்தர் இவளைப் பெண்ணாக்கினார் என்று ஸ்தோத்திரம் சொல்லி ஜெபம் செய்தார். நாங்கள் எல்லோரும் ஆமென் என்றோம். பச்சைப் பட்டில் அக்கா அன்று அவ்வளவு அழகாக இருந்தாள்.

இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த மாதம் எப்படியும் வந்துவிடும், கொஞ்சம் முன்னாடியே செய்துவிட்டதாகத்தானே ஆகும் என்று அத்தை கணக்குப் போட்டிருக்கிறார். அடுத்த மாதமும் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸ் யார், ஆயா யார்? எல்லாம் எங்கள் லைன் பெண்கள்தான். சடங்கில் சந்தனம் பூசி, சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிப்போனவர்கள்தான். அவர்கள் முன்னால் போய் நின்று, என் பெண் இன்னும் பெரிய மனுஷி ஆகவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? பாஸ்டரய்யா ஜெபம் செய்துவிட்டார். கர்த்தரிடமும் சேர்த்தே பொய் சொன்னதாக ஆகிவிடாதா? அத்தை வாயை மூடிக்கொண்டார். மகள் வாயையும் மூடினார். அந்த ஒரு சடங்கு, செய்யவேண்டிய வைத்தியத்துக்கு வாசலில் கதவைச் சாத்தியதுபோல ஆகிவிட்டது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. குழாயடியில் கேட்டவர்களில் என் அம்மாவும் இருந்தார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் நாடகம். அத்தை கொல்லைக் கொடியில் புடவைக்கு அடியில், மறைத்தும் மறைக்காமலும், துவைத்த துணிகளைக் காயப்போடுவார். பார்க்கிறவர்கள் பார்க்கவேண்டும் என்றுதான். அந்த நாட்களில் ஞாயிறு வந்தால் அக்கா சர்ச்சில் இராப்போஜனத்து அப்பமும் ரசமும் எடுக்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். எங்கள் சர்ச்சில் அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் சில பழைய வீடுகளில் அந்த வழக்கம் உண்டு, அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரயிலில் யாரிடமாவது, "அவசரமா வந்துட்டேன், ஒண்ணு இருந்தா குடுடி" என்று பேட் வாங்கிக்கொள்வாள். பிறகு யாராவது திடீரென்று கேட்டால் அதையே கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். மாதம் தவறாமல் ஒரே தேதியைச் சொன்னால் சந்தேகம் வரும் என்று முன்னே பின்னே மாற்றிச் சொல்வாளாம். இதெல்லாம் பிற்பாடு அவளே எனக்குச் சொன்னது.

வரன்கள் வந்தன. வராமல் இருக்குமா? கார்மென்ட்ஸில் நல்ல வேலை, லட்சணமான பெண். அவள் அப்பாவுக்கு நெஞ்சில் சுரங்கத் தூசி சேர்ந்து மூச்சுத் திணறியபடி கிடந்த காலம் அது. "அப்பாவ யாரு பாத்துக்கறது?" என்று அக்கா ஒவ்வொரு வரனையும் தட்டிக்கழித்தாள். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒருத்தர் வந்தார். வாத்தியார், நிதானமான மனுஷன். உங்கள் அப்பாவை நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல், "வேற நல்ல எடமா பாருங்க சார், எனக்கு இஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு ரயிலில் ஏறிவிட்டாள். பெட்டியில் எல்லோரும் அவளுக்குத் திமிர் என்றார்கள். நானும் முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எங்களில் யாருக்காவது தேதி தள்ளிப்போனால் அக்கா வேறு ஆளாகிவிடுவாள். எள்ளுருண்டை தின்னு, பப்பாளி தின்னு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மற்றவர்கள் வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்க, இவள் மட்டும் விடமாட்டாள். "மூணு மாசமா வரலன்னா சும்மா குந்திக்கினு இருப்பியா? டாக்டராண்ட போய் ரத்தம் குடுத்துட்டு வா" என்று விரட்டுவாள். ஸ்கெலட்டன் லைன் வீடுகள் பக்கத்திலிருந்து ரயிலுக்கு வரும் ஒரு கல்லூரிப் பெண் டயட் என்று சொல்லி அரைவயிறு சாப்பிட்டுச் சாப்பிட்டு வற்றிப்போய், மாதவிலக்கே நின்றுபோனது. அக்கா லீவு போட்டு அவளை டாக்டரிடம் அழைத்துப்போனாள். நானும் கூடப் போனேன். முதலில் கர்ப்பம் இல்லை என்று பார்க்கவேண்டும், பிறகு தைராய்டு, பால் சுரக்கவைக்கும் ஹார்மோன், கருப்பையில் நீர்க்கட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும், எதனால் நின்றதோ அதற்குத்தான் மருந்து, வெறுமனே வரவழைப்பதற்கு மாத்திரை போட்டுப் பிரயோஜனமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். "மேடம், சின்ன வயசுலேர்ந்தே வராத பொண்ணுங்களுக்கு?" என்று ஒரு கேள்வியும் கேட்டாள். "பதினஞ்சு வயசுக்குள்ள வரலன்னா உடனே கூட்டிட்டு வரணும், யாருக்கு?" என்றார் டாக்டரம்மா. "எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு மேடம்" என்றாள் அக்கா. அந்தக் கல்லூரிப் பெண் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து, சில மாதங்களில் சரியாகிவிட்டாள். அந்தச் சேதி வந்த அன்று அக்கா பெட்டி முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள்.

பிறகு அவள் எலும்புகள் முறிய ஆரம்பித்தன. முதலில் மணிக்கட்டு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது. இரண்டு வருஷம் கழித்து, கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கும்போது கால் தடுக்கி உட்கார்ந்தாள். பெரிதாக விழக்கூட இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பெலும்பு. கோலாரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். எழுபது வயதுக் கிழவியின் எலும்புபோல இருக்கிறது என்றார் எலும்பு டாக்டர். கடைசியாக மாதவிலக்கு எப்போது என்று கேட்டார். "போன மாசம் பதினேழு சார்" என்றாள் அக்கா, அத்தனை வலியிலும்.

ரத்தப் பரிசோதனை முடிந்து சாயங்காலம் ஒரு பெண் டாக்டர் வந்தார். கன்னடக்காரர், சின்ன வயது, தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினார். திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, பயம் வேண்டா. உங்க ரத்தத்துல பெண்ணுக்கு வேணும்கிற ஹார்மோன் இல்லவே இல்ல. நிஜம் சொல்லுங்க. பீரியட்ஸ் எப்போ நின்னுது?"

"நிக்கல மேடம்."

"பின்னே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெளியே போகட்டுமா என்று எழுந்தேன். அவள் இன்னொரு கையால் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிக்கவே இல்ல மேடம்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் அசையவில்லை, திட்டவும் இல்லை. நிறையக் கேட்டார். நடுவில், "வாசனை தெரியுமா உங்களுக்கு? பூ, காப்பி, கெட்டுப்போன சாமான்?" என்றார். இது என்ன கேள்வி என்று நினைத்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாது மேடம். சின்னதுலேர்ந்தே தெரியாது" என்றாள். நம்பமாட்டீர்கள், முதல் விஷயத்தைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. இத்தனை வருஷமாக என் மீன்குழம்பை மோந்து மோந்து பாராட்டியவள்!

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பிறவியிலேயே சிலருக்கு இப்படி அமைந்துவிடுகிறதாம். வாசனைக்கான நரம்பும், பருவமடையும்படி உத்தரவு அனுப்புகிற மூளைப் பகுதியும் ஒன்றாகத்தான் உருவாகின்றன. அது சரியாக அமையாவிட்டால் இரண்டும் இருக்காது. கருப்பை இருக்கிறது, சினைப்பையும் இருக்கிறது. இரண்டும் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே தூங்குகின்றன. அந்த ஹார்மோன் இல்லாததால்தான் எலும்பும் தேய்ந்திருக்கிறது.

"எங்கப்பா சொல்வாரு மேடம்" என்றாள் அக்கா, லேசாகச் சிரிக்கப் பார்த்து. "சொரங்கத்து ஷாஃப்ட்ல பெல்லு அடிச்சாத்தான் ஆள எறக்கற கேஜு நவுறும். எனக்கு பெல்லே அடிக்கல."

"இதுக்கு மருந்து இருக்குதம்மா."

"இப்பவா?"

"இப்பவும் இருக்குது. நீங்க நடக்க ஆரம்பிச்சதும் குடுக்கலாம், எலும்புக்கு நல்லது. அப்பவும் இருந்தது. பதினாறு வயசுல வந்திருந்தா எல்லாப் பெண்ணுங்க மாதிரி ஆகியிருப்பீங்க. ஊசி போட்டு மகுவும் பெத்திருக்கலாம்."

மகு என்றால் கன்னடத்தில் குழந்தை. அக்காவுக்கு அது தெரியும். டாக்டர் போனபிறகு சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றாள், கட்டுப்போட்ட இடுப்பு திரும்ப விடவில்லை. முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அந்த வாத்தியாரை நினைத்தாளோ என்னவோ. நான் நினைத்துக்கொண்டேன். துப்பட்டாவுக்குள்ளிருந்தே பேசினாள்.

"அம்மாவாண்ட சொல்லாதடி."

"எத?"

"மருந்து இருந்துச்சின்னு. அது தெரிஞ்சா செத்துடும். எப்போ காட்டியிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்கன்னு சொல்லு. நான் சொன்னா நம்பாது. நீ சொன்னா நம்பும்."

மறுநாள் அத்தை வந்தார். வராந்தாவில் என்னை நிறுத்தி, "உனக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சா கண்ணு?" என்று கேட்டார். தலையாட்டினேன். "இன்னா சொன்னாங்கோ? நான் அப்பவே கொண்டாந்திருந்தா செரியாயிருக்குமா?" என்றார். அக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். "பொறவியிலயே அப்டித்தானாம் அத்தே. எப்போ வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதாம்." அத்தை பெஞ்சில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "ஆண்டவரே, நான் கெடுக்கல, நான் கெடுக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தனை வருஷமாக அவர் தூங்கியிருக்கவே மாட்டார் என்று அப்போது தோன்றியது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அக்கா கோலூன்றி நடக்க ஆரம்பித்ததும் மாத்திரை தொடங்கினார்கள். முதலில் சின்ன அளவு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. எலும்புக்கான மாத்திரை என்று வீட்டில் சொன்னோம். அது பாதி உண்மை. ஒரு வருஷம் போனபிறகு இரண்டாவது மாத்திரை ஒன்றைச் சேர்த்து, மாதத்தில் சில நாள் இதைப் போட்டு நிறுத்தியதும் மாதவிலக்கு வந்தாலும் வரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். போனில் அக்கா. "ஒரு நிமிசம் வரியா?" என்று மட்டும் சொன்னாள். போனேன். முன்னறையில் அத்தை பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "பின்னாடி குளிக்கற எடத்துல கீறா, போ" என்றார்.

அக்கா கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். முகம் வெளிறியிருந்தது. "வந்துடுச்சிடி" என்றாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண், சின்னப்பிள்ளை மாதிரிப் பயந்துபோய் நின்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

"வலிக்குதுடி. நான் உங்களயெல்லாம் பாத்துப் பாத்து இடுப்புல கைய வச்சிப்பேன். அங்க இல்லடி. இங்க, தொடையில எறங்குது. நீங்கல்லாம் சொல்லவே இல்லியே."

"எல்லாம் தெரிஞ்சவளுக்கு யாரு சொல்வாங்க?" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது.

"அம்மாவாண்ட சொல்லணும்போல கீதுடி."

எனக்கும் அதுதான் தோன்றியது. உலகத்தில் இந்தச் சேதிக்காகக் காத்திருந்த ஒரே ஜீவன் அங்கே பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறது. "சொல்லேன்க்கா" என்று வாய்வரை வந்துவிட்டது. அவளே தலையை ஆட்டினாள்.

"எப்டி சொல்றது? மாத்தரையில வந்துச்சின்னு சொன்னா, அப்பவே குடுத்திருந்தா அப்பவே வந்திருக்குமேன்னு கேக்கும். கேட்டா நான் இன்னா சொல்றது?"

வெளியிலிருந்து அத்தை கூப்பிட்டார். "இன்னாடி, ரெண்டு பேரும் உள்ள இன்னா பண்றீங்கோ?"

"ஒண்ணும் இல்லம்மா. வயிறு செரியில்ல" என்றாள் அக்கா.

"ஓமத்தண்ணி வெக்கட்டா கண்ணு?"

"வாணாம்மா." அதற்குமேல் அவளால் முடியவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். குழாயைத் திருகிப் பார்த்தேன், அன்று தண்ணீர் வரவில்லை. அழுகிற சத்தம் அத்தைக்குக் கேட்காமலிருக்க, டிரம்மிலிருந்து மக்கு மக்காக மொண்டு வெறும் தரையில் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.